பாய்ஸ் கம்பெனிப் பையன்: வி.சி.கணேசன் மேடையிலிருந்து திரைக்கு வந்த வழி

‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியை ஒருமுறை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதால் மட்டும் கேட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்தில் பாதித் தமிழ்நாடு அதை அப்படித்தான் கேட்டது. இசைத்தட்டில், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில். கதாநாயகன் குணசேகரன் தாழ்ந்த குரலில் தொடங்குகிறான். படி ஏறுகிற மாதிரி வாக்கியத்துக்கு வாக்கியம் ஏறுகிறான். தங்கை கல்யாணியின் பேச்சு வரும்போது குரல் சட்டென்று இறங்கி உடைகிறது. உடைந்த குரலிலும் ஒரு எழுத்துகூட நழுவவில்லை. அழுதுகொண்டே பேசும்போது ழகரமும் றகரமும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டுமானால், அது திறமை மட்டும் செய்கிற வேலை இல்லை. யாரோ உட்கார வைத்து, தப்பும்போதெல்லாம் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

படம் வெளியானது 1952 அக்டோபர் 17, தீபாவளி நாள். கதாநாயகனுக்கு 24 வயது. முதல் படத்திலேயே இப்படியா என்று இன்றுவரை வியக்கிறோம். அந்த வியப்பில் ஒரு சின்னக் கணக்குப் பிழை இருக்கிறது. அன்றைக்கு வி.சி.கணேசன், அதாவது நாம் அறிந்த சிவாஜி கணேசன், மேடையேறி 15 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் சினிமாவுக்குத்தான் புதுசு, நடிப்புக்கு இல்லை.

சரி, அதோடு விஷயம் முடிந்துவிடுமா? அந்தத் தலைமுறையில் பெரிய நடிகர்கள் பலரும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள்தான். எம்.ஜி.ஆர்., பி.யு.சின்னப்பா, என்.எஸ்.கிருஷ்ணன், எம்.ஆர்.ராதா, எம்.என்.நம்பியார் என்று பட்டியல் நீளம். ஒரே மாதிரிப் பள்ளிக்கூடம், ஒரே மாதிரிப் பாடம். அப்படியிருக்க, மேடை இவருக்குள் மட்டும் கடைசிவரை ஏன் இவ்வளவு சத்தமாக இருந்தது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் போகிறது.

கம்பெனி என்றால் என்ன

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பெரியவர்களை வைத்து நாடகம் நடத்திச் சலித்தவர். பெரிய நடிகர்கள் குடித்துவிட்டு வருவார்கள், எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டுத் தங்கள் இஷ்டத்துக்குப் பேசுவார்கள், கூட்டம் கைதட்டினால் கதையை நிறுத்திவிட்டுப் பாடிக்கொண்டே இருப்பார்கள். பையன்கள் சொன்னதைக் கேட்பார்கள். அப்படிப் பையன்களை வைத்து நடத்திய நாடகக் குழுதான் பாய்ஸ் கம்பெனி. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெயர் பெற்றவர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டி.கே.சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பையன்களுக்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் எல்லாரும் சொல்லும் செய்தி.

மற்ற கம்பெனிகளும் இந்த வழியில்தான் முளைத்தன. ஊர் ஊராக முகாம். கொட்டகை போட்டு, சில வாரமோ சில மாதமோ நடத்திவிட்டு மூட்டை கட்ட வேண்டியது. பையன்களுக்குச் சாப்பாடு, படுக்கை, பாட்டு, பாடம், அடி எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஒருவன் ராஜபார்ட் (கதாநாயகன்), ஒருவன் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), ஒருவன் கள்ளபார்ட் (கள்ளன் வேடம்), ஒருவன் பபூன் (கோமாளி). ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவு இன்னொருவன் அந்த வேஷத்தைக் கட்டியாக வேண்டும். அதனால் தன் பாடத்தை மட்டும் தெரிந்துவைத்திருப்பவன் அங்கே பாதி நடிகன்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே எல்லாருடைய பாடமும் எல்லாருக்கும் ஏறிவிடும். பொருள் புரிவது எப்போதோ பிறகு. முதலில் ஓசை, அப்புறம்தான் அர்த்தம்.

ஒலிவாங்கி இல்லாத, அல்லது எப்போதாவது இருந்த காலம் அது. பின்னால் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் காசு கொடுத்து வந்தவன். அவன் காதில் விழவில்லை என்றால் கத்துவான். ஆகவே குரலை அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். முகம் தெரியாத தூரத்துக்குக் கை பேச வேண்டும், நடை பேச வேண்டும். ராஜாவின் நடை ஒன்று, மந்திரியின் நடை வேறு. முத்துவெள்ளை பூசிய முகத்தில் புருவம் எவ்வளவு உயர்ந்தால் கடைசி வரிசைக்குத் தெரியும் என்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

பெண் வேடமும் பையன்களுக்கே. குரல் மெலிதாக இருக்கும்வரை சீதை, திரௌபதி, வள்ளி. பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடையும். கம்பெனி மொழியில் அதற்குப் பெயர் ‘மகரக்கட்டு’. ஒரு பையனின் கம்பெனி வாழ்க்கையில் அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. நேற்றுவரை கூட்டம் இழுத்த பாட்டுக் குரல் இன்று கட்டிப்போய்க் கரகரக்கும். சிலருக்கு நல்ல குரல் திரும்பி வரும், பலருக்கு வராது. வராதவர்களின் பெயர்களைச் சரித்திரம் எழுதிவைக்கவில்லை. வெற்றிக் கதைகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அநாதை என்று சொன்ன பையன்

கணேசன் பிறந்தது 1928 அக்டோபர் 1. தந்தை சின்னையா மன்றாயர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனவர். தாய் ராஜாமணி அம்மாள்தான் குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தார். வீடு திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்கு மாறியது. அங்கே சிறுவனாக அவர் பார்த்த கட்டபொம்மன் கூத்து மனதில் ஒட்டிக்கொண்டது. நடிகனாக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பாலகான சபா திருச்சியில் முகாமிட்டிருந்தபோது அங்கே போய் நின்றான் பையன். ஏழு வயதுப் பக்கம். அப்பா அம்மா இருக்கிறார்கள் என்று சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்று, தான் ஒரு அநாதை என்று சொன்னான். சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த நடிகனின் முதல் வேடம் எது என்று கேட்டால் எல்லாரும் சீதை என்பார்கள். ‘இராமாயண’த்தில் சீதையாக அவர் மேடையேறியது உண்மைதான். எனக்கென்னவோ முதல் வேடம் அந்த அநாதை வேடம்தான் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு பார்வையாளர், ஒரே காட்சி, அரிதாரம் கிடையாது. எடுபட்டது.

சீதைக்கு அப்புறம் அதே நாடகத்தில் சூர்ப்பணகை, பரதன், இந்திரஜித் என்று வேடங்கள் மாறின. ஒரே கதையை நாலு பக்கத்திலிருந்தும் பார்த்த பையன் அவன். சீதையாக நின்று அழுதவனுக்கு, இந்திரஜித்தாக வரும்போது எதிரே நிற்பவன் எந்தச் சொல்லில் அசைவான் என்று தெரியும். இன்றைய நடிப்புப் பள்ளிகளில் மாணவர்களை வேடம் மாற்றி நடிக்கச் சொல்வதைப் பெரிய பயிற்சி என்கிறார்கள். கம்பெனியில் அது ஆள் பற்றாக்குறையால் தானாக நடந்தது.

காகா ராதாகிருஷ்ணன் அதே கம்பெனியில் மூத்தவர். எம்.ஆர்.ராதாவும் ஒரு கட்டத்தில் அங்கே வந்தார். எழுதிவைத்த வசனத்தை அன்றைய செய்திக்குத் தக்க முறுக்கிப் பேசி, கூட்டத்தைக் கையில் வைத்திருக்கும் வித்தைக்காரர் அவர். வாத்தியார் சொன்னதை எழுத்துப் பிசகாமல் பேசும் பையன்களுக்கு நடுவே இப்படி ஒருவர் இருந்தால் எவ்வளவு கற்றுக்கொள்ளலாம்!

இதையெல்லாம் அழகாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் இது ஒரு குழந்தையின் பள்ளிப் படிப்பையும் வீட்டையும் எடுத்துக்கொண்டு நடந்த வேலை. நினைத்தபோது வீட்டுக்குப் போக முடியாது. பிழை செய்தால் பிரம்பு. இன்றைய சட்டப்படி அந்தக் கொட்டகையை ஒரே நாளில் பூட்டிவிடுவார்கள், பூட்டுவதுதான் நியாயம். விளைச்சல் நன்றாக இருந்தது என்பதற்காக உழுத விதத்தைக் கேள்வி கேட்காமல் விட வேண்டியதில்லை.

குரல் திரும்பி வந்த பிறகு

1940-களின் நடுவில் அண்ணாதுரை ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ என்ற நாடகத்தை எழுதினார். சிவாஜி வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். அது நடக்காமல் போக, நடிகர் டி.வி.நாராயணசாமி கணேசனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வசனம் சுமார் 90 பக்கம். காலையில் கைக்கு வந்ததை மாலைக்குள் மனப்பாடம் செய்து அண்ணாவிடம் ஒப்பித்தார் என்பது கணேசனே சொன்ன செய்தி. சிவாஜிக்கு முடிசூட்டும் புரோகிதர் காகபட்டராக அண்ணாவே நடித்தார். நாடகத்தைப் பார்த்த பெரியார், இனி இவர் சிவாஜி கணேசன் என்றார்.

அந்த 90 பக்கத்தை அபூர்வ ஞாபக சக்தியின் கதையாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். கம்பெனிக்குள்ளிருந்து பார்த்தால் அவ்வளவு அதிசயம் தெரியாது. பத்து வருடம் நாள்தோறும் அதையே செய்தவன் செய்தான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நாடகத்தின் மொழி மாறியிருந்தது. சுவாமிகளின் நாடகத்தில் பாட்டுதான் ராஜா. பேச்சு பாட்டுக்கு வழிவிடும். அண்ணாவின் நாடகத்தில் பேச்சே ராஜா. எதுகை மோனையும் எதிர்க்கட்சி வாதமும் கலந்த நீள நீள வாக்கியம். மகரக்கட்டைத் தாண்டிய பையனுக்குப் பாடகன் குரல் கிடைத்திருந்தால் அவர் இன்னொரு எம்.கே.தியாகராஜ பாகவதராக முயன்றிருக்கலாம். கிடைத்தது பேசுகிற குரல். அதற்கேற்ற காலமும் சேர்ந்து வந்தது.

வேலூரில் ஒரு ரசிகர்

கணேசன் பிறகு சக்தி டி.கே.கிருஷ்ணசாமியின் சக்தி நாடக சபாவில் இருந்தார். வேலூரில் அவர்கள் நடத்திய ‘நூர்ஜஹான்’ நாடகத்தில் நூர்ஜஹானாக நடித்தவர் இவர்தான். வயது இருபதைத் தாண்டியும் பெண் வேடம். பார்வையாளர்களில் ஒருவர் வேலூர்க்காரரான பட விநியோகஸ்தர் பி.ஏ.பெருமாள். பெண் வேடத்தில் பார்த்த ஒருவரைத் தன் படத்துக்குக் கதாநாயகனாக மனதில் குறித்துவைத்தார் அவர்.

பெருமாளின் நேஷனல் பிக்சர்ஸும் ஏவி.எம்.மும் சேர்ந்து ‘பராசக்தி’யை எடுத்தார்கள். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம், கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். கணேசனுக்குச் சம்பளம் மாதம் 250 ரூபாய். கொஞ்சம் எடுத்துப் பார்த்ததில் ஏவி.மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லை. ஆள் ஒல்லி. கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தது. அவரும் பெரிய மேடை நடிகர், பாடவும் தெரிந்தவர், பெயர் பெற்றவர். வியாபாரக் கணக்கில் அந்த யோசனையைத் தப்புச் சொல்ல முடியாது. பெருமாள் அசையவில்லை. நடித்தால் கணேசன்தான் என்று நின்றார். படம் வளர்ந்தது, முதலில் எடுத்த காட்சிகள் சிலவற்றைத் திரும்ப எடுத்தார்கள். அதற்குள் உடம்பும் கொஞ்சம் தேறியிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, மெய்யப்பன் பார்த்தது காமிராவுக்குள் தெரிந்த ஒல்லியான முகத்தை; பெருமாள் பார்த்திருந்தது கொட்டகையைக் கட்டிப்போட்ட ஒரு மேடை இரவை. ஒரே ஆளைத்தான் இருவரும் பார்த்தார்கள். பெருமாள் அன்று வேலூரில் நாடகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆண்டுதோறும் பொங்கலுக்கு வேலூருக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்து வணங்கி வருவதைச் சிவாஜி வழக்கமாக வைத்திருந்தார்.

எம்.ஜி.ஆரோடு வைத்துப் பார்த்தால்

இப்போது தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வரலாம். எம்.ஜி.ஆரும் சின்ன வயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். வறுமை, பாடம், அடி எல்லாம் அவருக்கும்தான். ஆனால் திரையில் அவரிடம் கம்பெனி நடையோ கம்பெனிக் குரலோ அவ்வளவாகத் தெரிவதில்லை. வசனம் சிக்கனம். சிரிப்பு, கண், சண்டை, ஓட்டம். காமிரா எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரிந்த நடிப்பு.

காரணம் இருவருடைய ஆண்டுகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1917-இல் பிறந்த எம்.ஜி.ஆர். 1936-இல், 19 வயதிலேயே சினிமாவுக்குள் வந்துவிட்டார். கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வந்தது 1947-இல். நடுவில் பதினோரு வருடம் சின்னச் சின்ன வேடங்கள். கஷ்டமான காலம், ஆனால் படப்பிடிப்புத் தளமே அவருக்கு இரண்டாவது கம்பெனியாக இருந்த காலம். யார் முகம் எந்த விளக்கில் எப்படி விழுகிறது, எது வெட்டப்படுகிறது, எது நிற்கிறது என்று ஓரத்தில் நின்று பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. மேடை மெல்ல மெல்ல அவரிடமிருந்து உதிர்ந்தது.

சிவாஜிக்கு அந்தப் பதினோரு வருடம் கிடைக்கவில்லை. ‘பராசக்தி’க்கு முன் அஞ்சலிதேவியின் படம் ஒன்றில் நடித்திருந்தார், அது அடுத்த ஆண்டுதான் வெளியானது. மற்றபடி, சனிக்கிழமை மேடையிலிருந்து இறங்கித் திங்கட்கிழமை கதாநாயகன் என்கிற மாதிரி வந்தவர். மேடையை முழுசாகத் தூக்கிக்கொண்டே வந்தார். வந்தது எழுத்தாளர் பெயரைப் பார்த்துக் கூட்டம் டிக்கெட் வாங்கிய காலத்தில், நீள வசனத்துக்குக் கைதட்டு விழுந்த காலத்தில். எதையும் உதிர்க்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. 1954-இல் ‘மனோகரா’. பம்மல் சம்பந்த முதலியாரின் பழைய நாடகம், கருணாநிதியின் புது வசனம், சங்கிலியில் கட்டப்பட்ட இளவரசன். மேடைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

புகழ் வந்த பிறகும் அவர் மேடையை விடவில்லை. சொந்தமாக நாடக மன்றம் வைத்திருந்தார். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1957-இல் சேலத்தில் நாடகமாக அரங்கேறி, பல ஊர்களில் நடந்து, அப்புறம்தான் 1959-இல் பி.ஆர்.பந்துலுவின் படமானது. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அந்த வேடத்துக்குக் கிடைத்தது. ‘வியட்நாம் வீடு’ம் ‘தங்கப்பதக்க’மும்கூட மேடையில் ஓடிய பிறகு திரைக்கு வந்தவைதான். எந்த வரியில் கூட்டம் அடங்கும், எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும் என்று நேரில் கேட்டுவிட்டு வந்து காமிராவுக்கு முன் நிற்பவரிடம், ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று எந்த இயக்குநர் சொல்வார்?

மிகை என்ற குற்றச்சாட்டு

மிகை நடிப்பு என்ற குறை அவர்மேல் எப்போதும் உண்டு. ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் சில படங்களில் முகம் தேவைக்கு மேல் வேலை செய்வது கண்கூடு. குளோசப் என்பது கொட்டகையின் முதல் வரிசைக்கும் முன்னால் போடப்பட்ட ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்திருப்பவனுக்குக் கடைசி வரிசைக்கான புருவம் அதிகம்தான்.

ஆனால் மேடை, திரை என்ற இரண்டு அளவும் அவருக்குத் தெரியாது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1964-இல் வந்த அவருடைய 100-வது படம் ‘நவராத்திரி’யைப் பாருங்கள். ஒன்பது வேடம். அதில் ஒன்று தெருக்கூத்து நடிகர். சாவித்திரியோடு சத்தியவான் சாவித்திரி கூத்து ஆடுகிற அந்தக் காட்சியில் குரல், கை, குதிப்பு எல்லாம் கூத்துக்காரனுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பெரிது. அதே படத்தில் வரும் தொழுநோயாளி சுருங்கிப் போயிருக்கிறார். மேடையில் வைத்தால் நாலாவது வரிசைக்கே தெரியாது. கூத்தைக் கூத்தாகவும், அதல்லாததை வேறாகவும் பிரித்துக் காட்ட அவருக்குத் தெரிந்திருந்தது. இயக்கியவர் ஏ.பி.நாகராஜன், அவரும் டி.கே.எஸ். கம்பெனியில் பெண் வேடம் கட்டி வளர்ந்தவர். கம்பெனிப் பையன் கம்பெனிப் பையனுக்கு வைத்த காட்சி அது.

1985-இல் ‘முதல் மரியாதை’யில் பாரதிராஜா அவரைத் தோளில் துண்டோடு ஒரு கிராமத்தில் விட்டார். அங்கே அவர் வாய் திறந்து பேசுவதைவிட, பேச வந்து நிறுத்திக்கொள்வது அதிகம். குறைக்கச் சொல்ல ஒரு ஆள் இருந்தார், குறைந்தது.

எதிர்த் திசையில் போன ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கமல்ஹாசன் 1960-இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் சின்னக் குழந்தையாகச் சினிமாவுக்குள் வந்து, குழந்தை நட்சத்திர வயது தாண்டியதும் டி.கே.சண்முகத்தின் நாடகக் குழுவில் பயின்று, அப்புறம் திரைக்குத் திரும்பியவர். முதலில் காமிரா, பிறகு மேடை. சங்கரதாஸ் சுவாமிகளிடம் ஆறு வயதில் பாடம் கேட்ட சண்முகத்திடமிருந்து வந்த அதே வழிதான்.

1992-இல் ‘தேவர் மகன்’. அப்பாவும் மகனும் ஊரைப் பற்றிப் பேசுகிற அந்த நீண்ட காட்சியில் சிவாஜியின் குரல் ஏறுகிறது, இறங்குகிறது, ஓரிடத்தில் தழுதழுக்கிறது. ஆனால் அது எதிரே நிற்கும் மகன் காதுக்கு மட்டுமான குரல். அந்தப் படத்தில் பெரிய தேவரின் தம்பி சின்னத் தேவராக வருபவர் காகா ராதாகிருஷ்ணன், பாலகான சபாவில் கணேசனுக்கு மூத்த பையன்.